காலி டப்பா

உறைந்த உணவுப்பொருள் கிடங்கின் கீழ்த்தளத்திலிருந்து சாலைக்கு ஏறும் சரிவில் அன்று காலை ஒரு பழைய பிக்கப் வண்டி பாதி மேட்டில் நின்றுவிட்டது. ஓட்டுநர் கியரைக் குறைத்துப் பார்த்தார், ஆக்சிலரேட்டரை அழுத்திப் பார்த்தார், சீட்டில் முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தும் பார்த்தார். வண்டி இருமியது, முனகியது, மேலே ஏற மட்டும் மறுத்தது. பின்னால் வரிசையாக நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

"என்னண்ணே, வண்டிக்கும் பட்டினியா? பெட்ரோல் ஊத்துனீங்களா இல்லையா?" என்று அடுத்த வண்டியிலிருந்து நெட்டையன் குரல் கொடுத்தான். நெட்டையன் அவரோடு பல வருஷமாகச் சரக்கு ஓட்டுகிறவன்.

"ஊத்தியிருக்குடா. ஹாரன் அடிச்சா வண்டி ஏறிடுமா? இறங்கி வந்து தள்ளு."

அந்த ஓட்டுநருக்குக் கிடங்கில் 'சிக்கனம்' என்று பெயர். பெயர் வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள், ஆனால் அதில் தப்பு ஒன்றும் இல்லை. கஞ்சன் என்றால் அடுத்தவருக்குக் கொடுக்க மனம் வராதவன். இவர் அப்படியல்ல, தனக்கே கொடுத்துக்கொள்ள மனம் வராதவர். செருப்பு தேய்ந்தால் தைத்துப் போட்டுக்கொள்வார், பல்வலி வந்தால் கிராம்பைக் கடித்துக்கொள்வார். ஸ்பார்க் பிளக்கை மாற்றச் சொல்லி மெக்கானிக் எத்தனையோ தடவை சொல்லியும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றே ஒரு வருஷத்தை ஓட்டியிருந்தார். அன்றைக்கு வண்டி மேட்டில் நின்றதற்குக் காரணமும் அதுதான்.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"கன்வர்ட்டர் போச்சுண்ணே. பிளக் சரியா எரியல, எரியாத பெட்ரோல் உள்ள போய்ப் போய், உள்ள இருக்கிற கல்லு உருகி அடைச்சுக்கிச்சு. மூக்கையும் வாயையும் பொத்திக்கிட்டு ஓடச் சொன்னா யாரால ஓட முடியும்?"

புகைக்குழாயின் நடுவில் தொங்கும் இரும்பு டப்பாவுக்குத்தான் கன்வர்ட்டர் என்று பெயர். அதன் உள்ளே தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக ஒரு கல் இருக்கும். இன்ஜினிலிருந்து வரும் விஷப்புகை அந்தக் கல்லின் வழியாகப் போகும்போது, ஆளைக் கொல்லாத காற்றாக மாறி வெளியே வரும். ஓட்டுநர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது. தெரிந்த மீதிப்பேருக்கு இது ஒரு தண்டச்செலவு.

"மாத்தாம ஓட்ட முடியாதா தம்பி?" என்று கேட்டார் சிக்கனம்.

"மேடு இல்லாத ஊருக்குக் குடி போனீங்கன்னா ஓட்டலாம்."

உதிரிபாகக் கடையில் கூட்டம் இல்லை. கடைக்காரர் வண்டியின் இன்ஜின் எண்ணைக் கேட்டு வாங்கினார். வெறும் வருஷத்தை மட்டும் சொல்லி வாங்கிப் போகிறவர்கள் மறுநாளே திரும்பி வருவார்கள், சென்சார் செருகும் ஓட்டை இடம் மாறியிருக்கும் என்றார். பிறகு உள்ளே போய் மூன்று டப்பாக்களை எடுத்து வந்து கண்ணாடி மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

"இது கம்பெனிப் பொருள். உங்க வண்டி இருக்கிற வரைக்கும் இருக்கும், ஒருவேளை உங்க வண்டியை விடக் கூட நாள் இருக்கும். இது வெளியில செய்யறது, விலை பாதிக்கும் கம்மி, கல்லுல பூச்சு மெல்லிசு, ரெண்டு வருஷம் வந்தா உங்க அதிர்ஷ்டம்." மூன்றாவதை அவர் கையால் தொடவில்லை, கண்ணால் காட்டினார். "அது எல்லாரும் வாங்கறது."

சிக்கனம் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். முதலாவது கனமாக இருந்தது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதை விரல் முட்டியால் தட்டினார், காலிப் பாத்திரம் போலச் சத்தம் கேட்டது.

"உள்ள ஒண்ணும் இல்லையே?"

"அதான் சார் விஷயமே. வெளியில இருந்து பாத்தா கன்வர்ட்டர், உள்ள வெறும் காத்து. அடைப்பே வராது, மேட்டுல உங்க வண்டி பறக்கும். பழசைக் கொடுத்தீங்கன்னா, அதுல இருக்கிற உலோகத்துக்காக நானே எடுத்துக்கறேன். நீங்க கைக்காசு போட வேண்டியதே இல்ல."

"புகைச் சோதனை இருக்கே?"

கடைக்காரர் சிரித்தார். "இத்தனை வருஷமா வண்டி ஓட்டறீங்க, இதையும் என்கிட்ட கேக்கறீங்களே?"

அவரிடம் பணம் இல்லாமல் இல்லை. முதல் டப்பாவையே வாங்கும் அளவுக்குச் சேமிப்பு வங்கியில் இருந்தது. அது வேறொரு காரியத்துக்காகச் சேர்த்தது. அவர் மனைவி அதே கிடங்கின் கீழ்த்தளத்தில் பொட்டலம் கட்டும் வேலை செய்தாள். குளிரில் நின்று நின்று அவளுக்குக் கால் விரல்கள் மரத்துப் போயிருந்தன. மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, இனி ஒரு சின்னக் கடையறையை வாடகைக்கு எடுத்து, இரண்டு தையல் இயந்திரம் வாங்கிப் போட்டு, அவளை அந்தக் குளிரிலிருந்து வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. கம்பெனிப் பொருளை வாங்கினால் அந்தக் கடையறை இன்னும் ஒரு வருஷம் தள்ளிப் போகும்.

கைபேசியில் மனைவியைக் கூப்பிட்டார்.

"நல்லதாவே வாங்குங்க. மலிவா வாங்கி மாசத்துக்கு ஒரு தடவை மெக்கானிக் முகத்துல முழிக்காதீங்க" என்றாள் அவள்.

"சரிம்மா, நல்லதுதான் வாங்கறேன்" என்று சொல்லிவிட்டு மூன்றாவதை வாங்கினார். அவளுக்காகத்தான் அவளிடம் பொய் சொல்கிறோம் என்று அவருக்கு நிஜமாகவே தோன்றியது. நல்ல மனிதர்கள் தப்புச் செய்யும்போது இப்படி ஒரு சமாதானம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்கிறது.

புகைச் சோதனைக் கொட்டகையில் ஆறேழு வண்டிகள் நின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால், நிழலில், ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. அது யாருடைய கார் என்று யாருக்கும் தெரியாது. தினமும் காலையில் குளிப்பாட்டித் துடைத்து நிறுத்துவார்கள். அது ஒரு வேலையும் செய்யாது, எங்கேயும் போகாது, ஆனால் எல்லா மரியாதையும் அதற்குத்தான். அதனால் ஓட்டுநர்கள் அதை 'மாப்பிள்ளை' என்றார்கள்.

சோதனைக்காரர் சிக்கனத்தின் வண்டியை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கல்லா, காலியா?" என்று கேட்டார், காபியா டீயா என்று கேட்பதைப் போல.

"காலி."

"காலின்னா கூடக் கொஞ்சம் ஆகும்."

சிக்கனம் பணத்தை அவர் கையில் கொடுத்தார். சோதனைக்காரர் அளவுக்குழாயை எடுத்துப்போய் மாப்பிள்ளையின் புகைக்குழாயில் செருகினார், சிக்கனத்தின் வண்டி எண்ணைக் கணினியில் தட்டினார். மாப்பிள்ளை சுத்தமாக மூச்சுவிட்டது, இயந்திரம் சான்றிதழைத் துப்பியது. சிக்கனத்தின் வண்டியின் இன்ஜினை யாரும் ஸ்டார்ட் செய்யக்கூட இல்லை.

"ஒரு வருஷத்துக்குக் கவலை இல்ல" என்றார் சோதனைக்காரர். அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

கிடங்கின் கீழ்த்தளம் எப்படி இருக்கும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஐஸ்கிரீம், உறைந்த பட்டாணி, உறைந்த மீன் என்று எல்லாம் அங்கிருந்துதான் கடைகளுக்குப் போகும். பிக்கப் வண்டிகளின் முதுகில் குளிர்ப்பெட்டி இருக்கும். இன்ஜின் ஓடினால்தான் பெட்டி குளிரும், ஆகவே சரக்கு ஏற்றும் நேரம் முழுக்க வண்டி ஓடிக்கொண்டே நிற்கும். குளிர் வெளியே போய்விடக் கூடாது என்பதால் ஷட்டரை இறக்கி வைத்திருப்பார்கள். சுவரில் புகையை வெளியே இழுக்கும் பெரிய மின்விசிறி ஒன்று உண்டு. அது புகையோடு குளிரையும் சேர்த்து இழுத்துவிடும், மின்கட்டணம் ஏறும். அதனால் மேனேஜர் அதைப் போட விடமாட்டார். கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருந்தது.

"சர்ட்டிபிகேட் இல்லாத வண்டி ஒண்ணாவது உள்ள வருதா? கேட்லயே செக் பண்ணித்தானே விடறோம். சுத்தமான வண்டிக்கு எதுக்கு ஃபேன்?"

பொட்டலம் கட்டும் பெண்களின் மேஜைகளுக்கு நேரே வண்டிகள் பின்பக்கமாக வந்து நிற்கும். வண்டியின் பின்பக்கம் என்றால் புகைக்குழாயின் வாயும் அங்கேதான். குளிரில் விறைத்த கால்களுக்கு அந்தச் சூடு இதமாக இருந்தது. எந்த வண்டி பக்கத்தில் நிற்கிறதோ அந்தப் பக்கமாகக் காலை நீட்டிக்கொள்வது அவர்களுக்குப் பழகிப் போயிருந்தது. சரக்கு ஏறி முடிந்த பிறகும், கொஞ்ச நேரம் ஓடட்டும் அண்ணே என்று கேட்பார்கள். யார்தான் மாட்டேன் என்று சொல்வார்கள்?

சிக்கனத்தின் மனைவியைக் கீழ்த்தளத்தில் 'ரேடியோ' என்று கூப்பிட்டார்கள். காலையில் ஆரம்பித்தால் மாலையில்தான் நிற்கும். எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி, எந்தக் கடைக்காரர் போன வாரம் எதைத் திருப்பி அனுப்பினார், யார் மருமகள் யாரோடு பேசவில்லை என்று எல்லாம் அவளுக்கு மனப்பாடம். சீட்டைப் பார்க்காமலே பெட்டிகளைப் பிரித்து வைப்பாள். அவள் மேஜை மூன்றாவது இடத்தில் இருந்தது. புருஷன் பெண்டாட்டி நாலு வார்த்தை பேசிக்கொள்ளட்டும் என்று காவலாளி சிக்கனத்தின் வண்டியை எப்போதும் அந்த மூன்றாவது இடத்துக்கே விட்டார்.

"இன்னும் கொஞ்சம் பின்னால வாங்க. அங்க நின்னா எனக்கு என்ன சூடு வரும்?" என்பாள் அவள்.

"மேஜையை இடிச்சா மேனேஜர் சம்பளத்துல பிடிப்பாரு."

"பிடிச்சா உங்க சம்பளத்துலதானே. வாங்க வாங்க."

புது டப்பா மாட்டிய பிறகு வண்டி மேட்டில் நிஜமாகவே பறந்தது. அதே சமயத்தில் கீழ்த்தளத்துப் பெண்களுக்கு மதியமானால் தலைவலி வர ஆரம்பித்திருந்தது. அது சிக்கனத்தின் வண்டியால் மட்டும் வந்ததல்ல. அந்த வருஷம் பல பழைய வண்டிகளில் கல் அடைத்துக்கொண்டது, பலரும் அந்த 'எல்லாரும் வாங்கற' மூன்றாவது டப்பாவையே வாங்கியிருந்தார்கள். பெண்கள் குளிரைக் காரணம் சொன்னார்கள், தூக்கம் போதவில்லை என்றார்கள், கண்ணாடி போட வேண்டும் என்றார்கள்.

"எனக்கு வேலைன்னா தலைவலி, லீவுன்னா போயிடுது. ஸ்கூலுக்குப் போகாத பிள்ளைங்க வயித்துவலின்னு சொல்லுமே, அந்தக் கதைதான்" என்று ரேடியோ சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் யாராவது ஒருவர் கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை.

விடுமுறை வாரத்துக்கு முன்னால் ஒருநாள் சரக்கு இரட்டிப்பாக வந்தது. எல்லா இடங்களிலும் வண்டிகள், எல்லாம் ஓடிக்கொண்டே நின்றன. ஷட்டர் காலையிலிருந்து ஏறவே இல்லை. சிக்கனம் தன் வண்டியை மூன்றாவது இடத்தில் விட்டுவிட்டு, வழி மாற்றம் பற்றிக் கேட்க மேலே மேனேஜர் அறைக்குப் போனார். அங்கே வரிசை நீளமாக இருந்தது.

அவர் இறங்கி வந்தபோது கீழ்த்தளம் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. இன்ஜின்களின் சத்தம்தான் கேட்டது, பேச்சுச் சத்தம் இல்லை. ஒருத்தி சுவரில் சாய்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ரேடியோ மேஜைமேல் தலையை வைத்துக் கிடந்தாள், கையில் லேபிள் ஒட்டும் கருவி அப்படியே இருந்தது. அவள் விளையாடுகிறாள் என்று நினைத்து அவர் தோளைத் தட்டினார். அவள் பக்கவாட்டில் சரிந்தாள். அவள் முகம் நன்றாகத் தூங்கி எழுந்தவள் முகத்தைப் போலச் சிவந்து அழகாக இருந்தது. அந்த அழகை நினைத்து அவர் பின்னாளில் பலமுறை அழுதார்.

ஷட்டரைத் தூக்கி எல்லோரையும் வெளியே கொண்டுவந்தார்கள். மற்றப் பெண்களுக்குக் காற்றுப் பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. குழாய்க்கு மிக அருகில் இருந்தவளுக்கு மட்டும் தெளியவில்லை.

"கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்துல காத்து இருக்க வேண்டிய இடத்துல போய் இது உக்காந்துக்கும். முகம் சிவந்து தெரியறதும் அதனாலதான்" என்றார் மருத்துவர். "இன்ஜின் ஓடற மூடின இடத்துல இருந்தாங்களா?"

சிக்கனம் ஆமாம் என்று தலையை ஆட்டினார். எந்த இன்ஜின் என்று மருத்துவர் கேட்கவில்லை. சிக்கனமும் சொல்லவில்லை.

மறுநாள் அவள் கண் விழித்தாள். ஒரு வாரத்தில் வீட்டுக்கே வந்துவிட்டாள். மருத்துவமனைச் சாப்பாட்டைப் பற்றி ஒரு பாட்டம் பேசினாள், பக்கத்துப் படுக்கைக்காரியின் குடும்பக் கதையை முழுசாகச் சொன்னாள். வந்து பார்த்த எல்லோரும், ரேடியோ மறுபடி பாட ஆரம்பித்துவிட்டது என்று நிம்மதியாகத் திரும்பினார்கள். சிக்கனம் அன்றைக்கு வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

ஆனால் அந்த விஷம் போகிற போக்கில் எதையோ எடுத்துக்கொண்டு போயிருந்தது, அது உடனே தெரியவில்லை. சில வாரங்கள் கழித்து அவள் அடுப்பில் பால் வைத்துவிட்டு அதன் முன்னாலேயே நின்றாள், பால் பொங்கி வழிந்தது, அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். தெருமுனைக் கடைக்குப் போனவள் திரும்பும் வழி தெரியாமல் நின்றதாக யாரோ கூட்டி வந்து விட்டார்கள். மகள் போன் செய்தபோது, நல்லா இருக்கியாம்மா என்று கேட்டுவிட்டு, யார் பேசறீங்க என்றாள். பேச்சு குறைந்தது, பிறகு நின்றது. மணிக்கணக்காக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வருத்தம் இல்லை, கோபம் இல்லை, எதுவுமே இல்லை.

"சில பேருக்கு இப்படித் தாமதமா வரும்" என்றார் மருத்துவர். "பயிற்சி கொடுத்துப் பாக்கலாம், ஆனா நீண்ட காலம் ஆகும். பழையபடி ஆவாங்களான்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

தையல் கடைக்குச் சேர்த்த பணம் மருத்துவத்துக்குப் போனது. மிச்சம் இருந்ததை எடுத்துக்கொண்டு ஒருநாள் சிக்கனம் அதே உதிரிபாகக் கடைக்குப் போனார். கம்பெனிப் பொருளைக் கேட்டார். கடைக்காரர் ஆச்சரியத்தோடு எடுத்து வைத்தார். பக்கத்தில் நின்ற ஒருவர், கையில் பழைய கன்வர்ட்டரோடு, மூன்றாவது டப்பாவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை வாங்காதீங்க சார்" என்றார் சிக்கனம். எதற்கு என்று அந்த மனிதர் கேட்டார். சிக்கனம் எல்லாவற்றையும் சொன்னார், பெற்ற மகளையே யார் என்று மனைவி கேட்டது வரைக்கும் சொன்னார். அந்த மனிதர் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் கண்கூடக் கலங்கியது.

"ரொம்பக் கஷ்டமா இருக்கு சார் கேக்கவே" என்றார். "ஆனா நான் ஏத்தறது மேஜை நாற்காலி. வண்டி வெளியிலதானே ஓடுது, நம்மால யாருக்கு என்ன ஆகப்போகுது?" பிறகு கடைக்காரரிடம் திரும்பி, இதையே கட்டிடுங்க என்றார்.

விபத்து பற்றித் தொழிலாளர் நலத்துறை விசாரணை வைத்தது. கிடங்கின் குறை என்று முடிவானால் சிகிச்சைச் செலவு முழுவதையும் கிடங்கு ஏற்க வேண்டும், மாதாமாதம் உதவித்தொகையும் தர வேண்டும். சிக்கனத்துக்கு இருந்த ஒரே வழி அதுதான். விசாரணைக்கு முதல் நாள் நெட்டையன் வீட்டுக்கு வந்தான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, அக்கா என்றான். அவள் திரும்பவில்லை. அவன் சிக்கனத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணே, நாளைக்கு டப்பா விஷயத்தை எடுக்காதீங்க. எல்லார் வண்டியும் நின்னுடும். ஃபேன் போடலன்னு மட்டும் சொல்லுங்க."

"ஃபேன் ஏன் போடலன்னு கேட்டா மேனேஜர் என்ன சொல்லுவாரு? எல்லா வண்டிக்கும் சர்ட்டிபிகேட் இருக்கு, புகையே இல்லைன்னு சொல்லுவாரு."

"சொல்லட்டும்."

"அப்ப உங்க அக்காவுக்கு எதுனால இப்படி ஆச்சு?"

நெட்டையன் எழுந்துகொண்டான். போகும்போது ஒரு பை நிறையப் பழம் வைத்துவிட்டுப் போனான். அவனும் கெட்டவன் இல்லை. இந்தக் கதையில் கெட்டவன் என்று ஒருவன் வந்திருந்தால் எழுதுகிறவருக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி, பொறுமையானவர். பாதிக்கப்பட்டவரையும் நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால், சிக்கனம் மனைவியைக் கூட்டி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். எதிரே மேனேஜர் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் அன்றைக்குக் கீழ்த்தளத்தில் நின்ற எல்லா வண்டிகளின் புகைச் சான்றிதழ்களும் இருந்தன.

"எல்லா வண்டியும் அளவுக்குள்ள இருக்கு" என்றார் அதிகாரி. "இவ்வளவு சுத்தமான வண்டிங்க நின்ன இடத்துல இவ்வளவு விஷம் எப்படி வந்திருக்கும்?"

"அதைத்தான் நாங்களும் சொல்றோம் மேடம்" என்றார் மேனேஜர் பணிவாக. "வீட்டுல கேஸ் அடுப்பு ஏதாவது ஒழுகியிருக்கலாம். அவங்களுக்கு முன்னாடியே உடம்புக்கு ஏதாவது இருந்திருக்கலாம்."

"அன்னைக்கு அங்க நாலு பேர் மயங்கிக் கிடந்தாங்களே சார். நாலு வீட்டு அடுப்புமா ஒழுகுச்சு?" என்றார் சிக்கனம். பிறகு அதிகாரியைப் பார்த்தார். "மேடம், என் மனைவி மேஜைக்கிட்ட நின்னது என் வண்டி. அன்னைக்கு அதுல கன்வர்ட்டர் கிடையாது. காலி டப்பா. சோதனையும் நடக்கல. காசு கொடுத்தேன், இன்னொரு கார்ல குழாயை வச்சு எனக்குச் சர்ட்டிபிகேட் கொடுத்தாங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்க சொல்றதை நான் எழுதினா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? உங்க வண்டியைப் பறிமுதல் பண்ணுவாங்க. விபத்துக்குக் காரணம் நீங்கதான்னு ஆயிடும். உங்க மனைவிக்குக் கிடங்கு ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்ல."

"நான் சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா, புகைக்கு ஆதாரமே இல்ல."

இவைதான் அவருக்கு முன்னால் இருந்த இரண்டு வழிகள். உண்மையைச் சொன்னால் குற்றம் அவருடையது, சொல்லாவிட்டால் குற்றமே நடக்கவில்லை. இரண்டு வழியிலும் அவள் அந்த ஜன்னலோரத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். தன் காசைக் கொடுத்து வாங்கிய சான்றிதழாலேயே தன் வாயை அடைத்துக்கொண்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

"எழுதுங்க மேடம்" என்றார். "அங்க இன்னும் இருபது பொம்பளைங்க வேலை பாக்கறாங்க. என் வண்டி மட்டும் இல்ல. எந்த வண்டியை வேணா எடுத்துக் குழாய் வச்சுப் பாருங்க."

"மத்த வண்டிங்களுக்குச் சர்ட்டிபிகேட் இருக்கே."

"எனக்கும் இருந்துச்சு மேடம்."

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் புரியாமல் இல்லை. "அந்தச் சோதனை வேற துறை. அவங்க கொடுத்த சான்றிதழைப் பொய்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. உங்க வண்டியைப் பத்தி நீங்களே சொல்றதை மட்டும்தான் எழுத முடியும்" என்றார். எழுதினார். மேனேஜரின் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"எங்களையும்தான் இவரு ஏமாத்தியிருக்காரு மேடம்" என்றார் அவர். "கட்டின மனைவியையே இந்த நிலைமைக்கு ஆளாக்கிட்டாரு. பாவம், அந்தப் பொண்ணு."

அதுவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெல்லத் திரும்பினாள். பல நாளாகப் பேசாதவளின் குரல் கரகரத்தது.

"யாருங்க அந்தப் பொண்ணு?" என்று கணவரின் சட்டையைத் தொட்டுக் கேட்டாள். "யாருக்கு என்ன ஆச்சு? பாவமா இருக்கே."

மேனேஜர் கையில் இருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். சிக்கனம் அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். சொல்ல வேண்டியதை அவளிடம் சொல்ல முடியாமல் அதிகாரியைப் பார்த்துச் சொன்னார்.

"லஞ்சம் கொடுக்கறப்ப, இதனால யாருக்கு என்ன ஆகப்போகுதுன்னு நெனச்சுத்தான் எல்லாரும் கொடுக்கறோம் மேடம். யாரோ ஒருத்தருக்கு ஆகத்தான் செய்யுது. அந்த ஒருத்தர் யாருன்னு தெரியாததாலதான் நம்மால கொடுக்க முடியுது, அவங்களால வாங்க முடியுது. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சு என்ன பிரயோஜனம், அவளுக்கே தெரியலையே."